குருதிக்கு மருந்து கண்ட சுப்பாராவ்

மஞ்சள் நிறமுள்ள சிறு மாத்திரை ஒன்று உண்டு. மிளகினும் சற்றே பெரியது, விலையும் மிகுதியன்று. மெதோட்ரெக்சேட் என்பது அதன் பெயர். குருதிப் புற்றுநோயால் வாடும் குழந்தைகள் பலர், நோய் அடங்கிய பின்னரும் அது மீண்டும் தலையெடாதவாறு, வாரந்தோறும் ஒரு முறை அம்மாத்திரையை விழுங்கி வருகின்றனர். விழுங்கும் குழந்தைக்கு அதன் வரலாறு தெரியாது; எடுத்துக் கொடுக்கும் தாயும் பெரும்பாலும் அதனை அறியார். கோதாவரி பாயும் நாட்டில் பிறந்து, நம் சென்னை மாநகரில் கல்வி பயின்று, கடல் கடந்து சென்று மீளாத ஒருவருடைய வாழ்க்கை அந்த மாத்திரைக்குள் அடங்கியிருக்கின்றது. அவர்தாம் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் வரலாற்றைக் கூறும் முன் அந்நோயின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். நம் உடம்பில் ஓடும் குருதி ஓயாமல் புதுப்பிக்கப்பெறுவது. எலும்புகளின் உட்புழையில் உள்ள மச்சையே அதன் பிறப்பிடம். சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் அங்கே நாள்தோறும் கோடிக்கணக்கில் தோன்றுகின்றன. வெள்ளையணுக்கள் உடம்பைக் காக்கும் காவலர் போல்வன. அவை ஒரோவழி நெறி பிறழ்ந்து, முதிராத நிலையிலேயே வரம்பின்றிப் பெருகத் தொடங்கும். நன்செய் நிலத்தைக் கோரைப்புல் மூடிக்கொள்வது போல மச்சை முழுவதையும் அவை அடைத்துக்கொள்ளும். அப்பொழுது சிவப்பணுக்கள் தோன்ற இடமின்றி உடம்பு வெளுக்கும்; பல்லீறிலும் மூக்கிலும் குருதி கசியும்; காய்ச்சல் விடாது. இதுவே குருதிப் புற்றுநோய். ஓரிடத்தில் தோன்றும் கட்டியாயின் கத்தியால் அறுத்தெறியலாம். உடம்பெங்கும் ஓடும் குருதியை அறுப்பது எவ்வாறு? ஆதலின் 1947-ஆம் ஆண்டுக்கு முன், இந்நோயின் கடிய வகை பற்றிய குழந்தை சில வாரங்களிலோ சில திங்களிலோ இறந்துபடுவது உறுதி என்றே மருத்துவர்கள் கொண்டிருந்தனர். பெற்றோரைத் தேற்றுவதன்றி அவர்கள் செய்யத்தக்கது பெரிதாக ஒன்றுமில்லை.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். நோயின் காரணமாகக் காலத்திற்கு முன்னரே பணியினின்றும் நீங்கினார். தாயார் வெங்கம்மா. மக்கள் எழுவர், அவர்களுள் சுப்பாராவ் நான்காமவர். வருவாய் சுருங்கிய வீட்டில் வறுமை புகுந்தது.

பதின்மூன்று வயதில் அவர் ஒரு செயல் செய்தார். உறவினச் சிறுவன் ஒருவனைத் துணைகொண்டு, வீட்டார் அறியாமல் காசிக்குப் புறப்பட்டார். காசிக்குப் போவோர் பாவம் தீரப் போவதுண்டு. துறவு பூணப் போவதுண்டு. இவரோ அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும் பொருள் ஈட்டலாம் என்று எண்ணிப் புறப்பட்டார்! வெங்கம்மா அதற்கு உடன்படும் தாயல்லர். மகனை மீட்டுக்கொணர்ந்து மீண்டும் பள்ளியில் அமர்த்தினார். குடும்பம் எத்துணைத் தளர்ந்தபோதிலும் மகன் கற்க வேண்டும் என்னும் உறுதியில் அவ்வம்மையார் தளரவில்லை.

ஆயினும் கல்வி எளிதாகக் கைவந்துவிடவில்லை. பள்ளியிறுதித் தேர்வில் சுப்பாராவ் ஒரு முறை தவறினார். இரண்டாம் முறையும் தவறினார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறையே தேறினார். தேர்வில் தவறிய மாணவர் எவரேனும் இப்பாடத்தைப் படிக்க நேரின் இச்செய்தியை இரண்டு முறை படித்துக்கொள்ளலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபொழுது அவர் உள்ளம் இராமகிருஷ்ண மடத்தின்பால் ஈடுபட்டது. துறவியாகிவிட வேண்டும் என்று விழைந்தார். தாயார் இசையவில்லை; மடத்தைச் சார்ந்த பெரியோரும், மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டு புரிவதே தக்கது என அறிவுறுத்தினர். அங்ஙனமே 1915-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். கல்விச் செலவுக்கு நண்பர்களும் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பாரும் உதவினர். அவர் மகளாராகிய சேஷகிரியையே 1919-ஆம் ஆண்டில் சுப்பாராவ் மணந்துகொண்டார்.

அக்காலம் காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம். அறுவை மருத்துவ வகுப்புக்கு மாணவர் அணிந்து செல்லும் மேலங்கியைச் சுப்பாராவ் கதர்த் துணியால் தைத்து அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவருக்கு அது வெறுப்பை விளைத்தது. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். என்னும் பட்டமே கிட்டிற்று. சென்னை மருத்துவப் பணியிற் சேர முயன்றார், இடம் பெறவில்லை. ஒரு முழத் துணி ஒருவருடைய வாழ்க்கையை எவ்வளவு தொலைவு திருப்பிவிடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பட்டத்தை இழந்ததனினும் பெரிய துயரம் ஒன்று அவருக்கு நேர்ந்தது. உடன்பிறந்தார் இருவர் சின்னாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக இறந்துபட்டனர். இருவரையும் கொண்டது ஒரே நோய். ஆங்கில மருத்துவர் அதனை ஸ்புரூ என்பர். நம் நாட்டு வைத்தியர் கூறும் கிரகணியோடு ஒத்தது. வாயும் நாவும் புண்ணாகும். உண்ட உணவு உடம்பிற் சேராமல் ஓயாது கழியும். உடல் மெலிந்து, குருதி குன்றி, நோயாளி வெளுத்துப்போவார். அந்நோய் சுப்பாராவையும் பற்றியது. அவர் ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி அளித்த மருந்தால் உய்ந்தார். பின்னர் அப்பெரியாரின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். தாம் பிழைத்ததும் உடன்பிறந்தார் மாண்டதும் ஏன் என்னும் வினா அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. மருத்துவம் பார்ப்பதனினும் மருந்து காண்பதில் அவர் கருத்துச் சென்றது.

மருந்து காணும் ஆராய்ச்சிக்கு உரிய வசதி அன்று இங்கு இல்லை. அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப நாட்டு நோய்களை ஆராயும் பள்ளி ஒன்று இருந்தது. அங்குச் செல்லக் காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் பொருளுதவி புரிந்தது, மாமனாரும் உதவினார். மனைவியார் அப்பொழுது கருவுற்றிருந்தார். சில ஆண்டுகளில் திரும்பி வருவதாகக் கூறி விடைபெற்ற சுப்பாராவ், 1923-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26-ஆம் நாள் பாஸ்டன் நகரத்தை அடைந்தார். அவர் சென்ற பின் ஆண் மகவு ஒன்று பிறந்தது. ஓராண்டு நிறைவதற்குள் இறந்தும் போயிற்று. தந்தை மகன் முகத்தைக் கண்டாரல்லர்.

அதே 1923-ஆம் ஆண்டில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர் அந்நாட்டுக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று தீர்ப்பளித்திருந்தது. அத்தகைய நாட்டில் கையிற் பொருளின்றி இறங்கிய இந்தியருக்கு என்ன வேலை கிடைக்கும்? பகலெல்லாம் பயின்ற சுப்பாராவ், இரவில் பீட்டர் பென்ட் பிரிகாம் என்னும் மருத்துவமனையில் ஏவலராகப் பணிபுரிந்தார். நோயாளிகளின் மலசலக் கலங்களை எடுத்துச் சென்று கழுவி வைப்பது அவர் தொழில். மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் இதனைச் செய்ய நேர்ந்ததே என்று நாம் இரங்குகின்றோம். நோயாளியின் துன்பத்தை இரவுதோறும் மிக அணுகிக் காணும் வாய்ப்பு அப்பணியில் இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அடுத்த ஆண்டில் அப்பள்ளியின் தகுதிச் சான்று பெற்று, ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர் இரசாயனத் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் பேராசிரியரிடம் சேர்ந்தார். அங்கு அவர் செய்தவை மூன்று. முதலாவது, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவை, கரைசலில் தோன்றும் நீல நிறத்தின் செறிவு கொண்டு அளந்தறியும் முறை. 1925-ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முறை ஃபிஸ்க் சுப்பாராவ் முறை என்றே வழங்கலாயிற்று. இரண்டாவது, தசைகளில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருள் இருத்தலை 1927-இல் கண்டது. மூன்றாவது, ஏ.டி.பி. எனச் சுருங்க வழங்கும் பொருளை 1929-இல் கண்டது. நாம் கை அசைப்பதும் மூச்சு விடுவதும் இவ்வேடு படிப்பதும் ஏ.டி.பி. தரும் ஆற்றலால்தான். அதே காலத்தில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியே இதனைக் கண்டார். தசையின் இயக்கத்துக்குப் பால் அமிலமே காரணம் என்று கூறி 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு பெற்ற கொள்கை, இக்கண்டுபிடிப்புகளால் நிலை தளர்ந்தது. 1930-இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியப் பதவி வாய்க்கவில்லை. 1940-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்துப் பெர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சிச்சாலைக்குச் சென்றார். அங்கு ஆராய்ச்சித் தலைமையும் அவர்பால் வந்தது.

இனி, நம் பாடத்தின் உயிர்நிலையாகிய செய்திக்கு வருவோம்.

குருதி குன்றும் நோய் பல வகைப்படும். அவற்றுள் கொடிய வகை ஒன்றற்கு விலங்கின் ஈரல் மருந்தாதலை 1926-இல் பாஸ்டன் மருத்துவர் கண்டனர். ஈரலில் உள்ள எந்தப் பொருள் குருதியை வளர்க்கின்றது என்னும் வினாவைச் சுப்பாராவ் ஹார்வர்டில் இருந்தபொழுதே ஆராயத் தொடங்கியிருந்தார். இதற்கிடையில் நம் நாட்டிலும் ஒரு செய்தி புலப்பட்டது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928-ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்தார். துணியாலைகளிற் பணிபுரியும் ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் குருதி குன்றி இறப்பதைக் கண்டு ஆராய்ந்தார். ஈஸ்டிலிருந்து வடித்த மலிவான சாறு ஒன்றை உணவோடு கொடுக்க, அப்பெண்கள் தேறினர். ஈரலிலும் ஈஸ்டிலும் உள்ள அந்த நற்பொருள் யாது? 1941-இல் அமெரிக்க அறிஞர் சிலர் நான்கு டன் பசலைக்கீரையைக் காய்ச்சி வடித்து, அதிலிருந்து மிகச் சிறிதளவு அமிலத்தைப் பிரித்தனர். இலத்தீன் மொழியில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். ஆதலின் அவ்வமிலத்துக்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். கீரையை நாள்தோறும் உண்க என்று நம் பாட்டிமார் வற்புறுத்தியது வீண்போகவில்லை.

நான்கு டன் கீரைக்கு ஒரு சிட்டிகையும் கிட்டாத பொருளைக் கொண்டு உலகத்து நோயாளிகளுக்கு மருந்தளித்தல் இயலாது. அதனை இரசாயன முறையிற் செயற்கையாக ஆக்குதல் வேண்டும். லெடர்லியில் சுப்பாராவின் தலைமையில் அறிஞர் பலர் கூடி அதனைச் செய்து முடித்தனர். 1945-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். அம்மருந்து எந்த நோயை முதன்மையாகத் தீர்த்தது என்று எண்ணுகின்றீர்கள்? ஸ்புரூ நோயையே. உடன்பிறந்தார் இருவரையும் கொண்ட நோய்க்கு, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்தபின், கடலுக்கு அப்பால் அவரே மருந்து ஆக்கிவிட்டார். ஈரலில் அவர் முதற்கண் தேடியது வேறொரு பொருள்; பி-12 என்னும் அவ்வைட்டமினை 1948-இல் பிறர் கண்டனர். தேடியது கிட்டாவிடினும் தேடும் வழியிற் கிட்டியது சிறிதன்று.

கதை இவ்வளவோடு முடிந்திருப்பின் குருதிப் புற்றுநோய்க்கு இதில் இடமிராது. பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் இருந்தார். இறந்த குழந்தைகளின் உடலை ஆய்ந்து நோய்க் காரணம் காண்பது அவர் துறை. இறந்தபின் காரணம் கண்டு பயன் என்னை என்று அவர் உள்ளம் வருந்தியது போலும். உயிரோடிருக்கும் குழந்தைகளுக்கு மருந்து தேடத் தலைப்பட்டார். குருதியை வளர்க்கும் ஃபோலிக் அமிலம் குருதிப் புற்றுநோய்க்கும் நன்மை செய்யக்கூடும் எனக் கருதி, லெடர்லி அனுப்பிய அவ்வகை மருந்துகளைச் சில குழந்தைகளுக்கு அளித்துப் பார்த்தார். விளைவு நேர்மாறாயிற்று. நோய் தணியாமல் விரைந்து பெருகியது. நற்பயிருக்கு இட்ட உரத்தைக் களை உண்டு தழைத்தது.

இதனைக் கண்டு பிறராயின் அம்முயற்சியையே கைவிட்டிருப்பர். ஃபார்பர் அந்தத் தீங்கிலிருந்தே ஒரு வழி கண்டார். இந்த உணவு நோயணுக்களை வளர்க்குமாயின், இந்த உணவை மறுத்தால் அவை மாயும் அல்லவா? ஃபோலிக் அமிலத்துக்குப் பகையான பொருள்களை ஆக்கித் தருமாறு சுப்பாராவின் குழுவினரை வேண்டினார். ஆண்டுக்கணக்கில் முயன்று எந்தப் பொருளை ஆக்கினார்களோ, அதற்கே பகை செய்யும் பொருளை ஆக்குமாறு வேண்டுகோள்! சுப்பாராவ் தயங்கினாரல்லர். ஃபோலிக் அமிலத்தின் அமைப்பை அவர் குழுவினரைப்போல் அறிந்தவர் அன்று வேறு எவர் இருந்தனர்? ஒவ்வொரு பகைப்பொருளாக ஆக்கி அனுப்பினர். முதலில் ஆக்கியவை போதிய வலிமை உடையனவல்ல. 1947-ஆம் ஆண்டில் டோரிஸ் சீகர் என்னும் பெண் அறிஞர் லெடர்லியில் ஆக்கிய அமினாப்டெரின் என்பது வலிமை மிக்கதாக வாய்த்தது.

அதன் சூழ்ச்சி அறிந்து மகிழத்தக்கது. ஓர் அணு இரண்டாகப் பெருக வேண்டுமாயின், தன்னுள் இருக்கும் மரபுப் பொருளை முதலில் படியெடுத்துக்கொள்ளுதல் வேண்டும். அவ்வேலைக்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அணுவுக்குள் இருக்கும் நொதி ஒன்று பூட்டைப் போன்றது. ஃபோலிக் அமிலம் அதனைத் திறக்கும் சாவி. அமினாப்டெரினோ கள்ளச் சாவி. ஃபோலிக் அமிலத்தின் ஒரு மூலையில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கி, அவ்விடத்தில் அமினோ தொகுதியை வைத்துச் செய்தது. கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். பூட்டினுள் எளிதில் நுழையும், ஆனால் திறவாது, எளிதில் வெளியேயும் வாராது. மெய்யான சாவி வந்தாலும் புக இடமில்லை. அணு பெருக மாட்டாது நின்று மடியும். உடம்பில் எவ்வணு மிக விரைந்து பெருகுகின்றதோ அதனையே இப்பொருள் முதலிற் தாக்கும். நோயுற்ற வெள்ளையணுக்கள் ஓயாது பெருகும் தன்மையால் அவையே முன்வந்து அகப்பட்டன.

1947 டிசம்பர் இறுதியில் பாஸ்டனில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இம்மருந்து ஊசி வழியாகச் செலுத்தப்பட்டது. அவன் குருதியிற் பெருகி வந்த நோயணுக்கள் குறையலாயின. வீங்கியிருந்த வயிறு வற்றியது. நடக்க இயலாதிருந்தவன் எழுந்து நடந்தான். இவ்வாறு 16 குழந்தைகளுக்கு மருந்து அளித்ததில் 10 குழந்தைகள் குறிப்பிடத்தக்க நலம் பெற்றனர். 1948 ஜூன் திங்களில் ஃபார்பர் இச்செய்தியை மருத்துவ இதழில் வெளியிட்டார். படித்த மருத்துவர் பலர் நம்ப மறுத்தனர். ஃபார்பரும் மிகைபடக் கூறினாரல்லர். நலம் நிலைத்ததன்று என்பதை அவரே எழுதினார். சில திங்கள் சென்றபின் நோய் மீண்டது; அக்குழந்தைகளைக் காக்க இயலவில்லை. மருந்து மிகுந்தபொழுது வாய் புண்ணாயிற்று, வயிறு போயிற்று. சுப்பாராவின் உடன்பிறந்தாரை வாட்டிய துன்பங்கள் அல்லவா இவை! ஃபோலிக் அமிலம் உடம்புக்குக் கிட்டாமையால் ஸ்புரூ நோயில் நேர்ந்தது, அதனை வலிந்து மறித்தமையால் இங்கும் நேர்ந்தது. ஒன்றையே உணவாகவும் அதன் மறுப்பையே மருந்தாகவும் கண்டவர் அவற்றின் நன்மை தீமைகளை நன்கு உணர்ந்திருத்தல் வேண்டும். ஆயினும், ஒரு நாளும் பின்வாங்காத நோய் முதன்முறையாகச் சில திங்கள் பின்வாங்கியது.

அக்கட்டுரை வெளிவந்த இரண்டு திங்களில், 1948 ஆகஸ்டுத் திங்களில் ஓரிரவு, உறக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. நெஞ்சு நோய் காரணம் என்றனர். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. 1946-இல் அமெரிக்கா சட்டத்தை மாற்றி இந்தியருக்கும் குடியுரிமை வழங்க இசைந்தபோதிலும், அவர் இந்தியராகவே இறந்தார். தாய்நாட்டுக்கு ஒரு முறையேனும் திரும்பி வந்தாரல்லர். சில ஆண்டுகளில் வருவார் என்று காத்திருந்த மனைவியார் இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து, இறுதியில் இறப்புச் செய்தியையே பெற்றார். இதற்கு என்ன அமைதி கூறுவது? உலகக் குழந்தைகளுக்காக ஆராய்ந்தார் என்று கூறி அம்மையாரின் துயரத்தை மூடிவிடுதல் நேர்மையாகாது. சுப்பாராவின் புகழை எழுதுவோர் ஆராய்ச்சிச்சாலையைப் பற்றிப் பல பக்கம் எழுதி, அவ்வம்மையாருக்கு ஒரு வரி ஒதுக்குவது எமக்கு எந்நாளும் உடன்பாடன்று.

சுப்பாராவ் தம் பெயரைப் பரப்ப முயன்றவரல்லர். செய்தியாளர்களைக் கண்டால் ஒதுங்கினார். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் உடன் உழைத்தவர் பெயரே முன்னிற்கும். நோபெல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை.

அவர் மறைந்தபின் அவர் தொடங்கிய வேலை வளர்ந்தது. அமினாப்டெரினைச் சிறிது மாற்றி லெடர்லியிலேயே ஆக்கிய மெதோட்ரெக்சேட், அதனிற் சற்றுத் தீங்கு குறைந்ததாதலின் 1950-களில் அதன் இடத்தைப் பெற்றது. மாத்திரையாக வாய்வழி உட்கொள்ளவும் அது பொருந்தியது. கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயை மருந்தாலேயே முற்றும் தீர்க்கலாம் என்பது மெதோட்ரெக்சேட் கொண்டு 1956-ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது. குருதிப் புற்றுநோய்க்கு ஒரு மருந்து போதாது. பல மருந்துகளை ஒருங்கே அளித்தல் வேண்டும் என்பதை அடுத்து வந்தோர் கண்டனர். மெதோட்ரெக்சேட்டுடன் சேர்த்து வழங்கும் மற்றொரு மாத்திரை மெர்காப்டோப்பூரின். அதனை ஆக்கியவர்கள் கெர்ட்ரூட் எலியன் அம்மையாரும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் ஆவர். ஹிட்சிங்ஸ், ஹார்வர்டில் ஃபிஸ்கின் ஆராய்ச்சிச்சாலையில் சுப்பாராவோடு இருந்தவர். அவரும் எலியன் அம்மையாரும் 1988-இல் நோபெல் பரிசு பெற்றனர். இவ்வாறு ஒரே கூரையின்கீழ் உழைத்த இருவர் வழிவந்த இரண்டு மாத்திரைகள் ஒரே குழந்தையின் உள்ளங்கையில் வந்து சேர்ந்தன. பலவகை மருந்துகளை முறையாக அளிக்கும் வசதியுள்ள நாடுகளில், இக்கடிய நோய் பற்றிய குழந்தைகளுள் பத்தில் ஒன்பதின்மர் அளவுக்கு இன்று பிழைக்கின்றனர்.

கள்ளச் சாவியின் குறை ஒன்று உண்டு. நோயணுவின் பூட்டு இது, நல்லணுவின் பூட்டு இது என்று அதற்கு வேறுபாடு தெரியாது. நோயணுவுக்கே உரிய பூட்டு ஒன்றைக் கண்டு அதனை மட்டும் அடைக்க வேண்டும் என்று பின்வந்தோர் முயன்றனர். நாட்பட்டு வளரும் ஒருவகைக் குருதிப் புற்றுநோயில், அணுவின் இரண்டு குரோமோசோம்கள் தம்முள் இடம் மாறுவதால் நெறிகெட்ட நொதி ஒன்று பிறக்கின்றது. இக்குரோமோசோம் மாற்றத்தின் அடையாளம் 1960-இல் பிலடெல்பியா நகரத்தில் காணப்பட்டது. அந்நொதியையே தேடிச் சென்று அடைக்கும் இமாட்டினிப் என்னும் மருந்து 2001-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதுவும் நாள்தோறும் விழுங்கும் மாத்திரையே. சுப்பாராவின் குழுவினர் முதற்சாவியைச் செய்து அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது.

அவர் தலைமையில் லெடர்லியில் உருவான பிற மருந்துகளையும் கூறப் புகின் பாடம் பெருகும். ஒன்று மட்டும் கூறலாம். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரை 1947-இல் அங்கிருந்தே வெளிவந்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் அரசுப் பணியாளர் வீடு வீடாகச் சென்று வழங்கிய மாத்திரை அதுவே. வாசற்படியில் நின்று அதனை வாங்கி விழுங்கியவர்களுள் பலர், சுப்பாராவ் திருவல்லிக்கேணியில் மூன்றாம் முறை தேர்வெழுதிய பள்ளியைக் கடந்து சென்றவர்களாகவும் இருக்கக்கூடும்.

1953-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஒருவர் புதிதாகக் கண்ட பூஞ்சை இனம் ஒன்றற்குச் சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரையே இட்டார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1995-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.